சுவர் தாண்டி விழுந்த வெள்ளைப் பந்து

ஒற்றைப் பார்வையில் இந்த அரங்கத்தை அடக்கி அமர்ந்திருக்கும் தலைவி திருமதி மரியன் ஸ்ட்ரகன் அவர்களே! முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு வீற்றிருக்கும் கோல்ஃப் சங்கத்தின் கேப்டன், எனக்குச் சம்பளம் தரும் மாண்புமிகு ஹெக்டர் கில்மூர் அவர்களே! கதவோரக் குளிரில் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உருட்டுப்பந்துச் சங்கத்துப் பெரியவர்களே! நனைந்த கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! படகிலிருந்து இறங்கிய கையோடு, மீன் மணக்க மணக்க வந்து நிற்கும் என் தோழர்களே! பிட்டார்வி நகரத்துப் பெருமக்களே! கிரேக் மெல்ட்ரம் உங்களை வணங்குகிறேன்.

கோல்ஃப் திடலில் புல் வெட்டுபவன் நான். அந்தத் திடலின் சுவரை ஒட்டி இருக்கிறது, புல்லில் கனத்த பந்துகளை உருட்டி ஆடும் நம் உருட்டுப்பந்துத் தரை. ஊர்ப் பொதுச்சொத்து. அதைக் கோல்ஃப் சங்கத்துக்குக் கார் நிறுத்தக் கொடுக்கலாமா, கூடாதா? இன்று நீங்கள் தூக்கும் கைகள்தான் தீர்ப்பு. எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமலே மேடை ஏறிவிட்டேன். எனக்குக் குழப்பம்!

"அப்ப எறங்குடா!" என்கிறார் அங்கே ஒருவர். இறங்குகிறேன் ஐயா. குழப்பத்தை உங்கள் தலையில் இறக்கிவிட்டு நானும் இறங்குகிறேன்.

கால்பந்தில் கூடுதலாகக் கோல் போட்டவன் வெல்கிறான். கோல்ஃபில் குறைவாக அடித்தவன் வெல்கிறான். நாள் முழுக்க உழைத்து நூறு அடி அடித்தவன் தோற்றவனாம். எழுபதோடு நிறுத்திக்கொண்டவனுக்குக் கோப்பையாம்! எந்தத் தொழிற்சாலையில் இந்த நியாயம் செல்லும்? ரக்பியில் பந்தே உருண்டை இல்லை. முட்டையைப் போன்ற ஒன்றுக்காக முப்பது பேர் சேற்றில் புரள்கிறார்கள். பத்துக் கட்டைகளை அடுக்கிவைத்துச் சாய்க்கும் பவுலிங் கூடத்துக்குப் போனால், யாரோ போட்ட காலணியை வாடகைக்கு மாட்டிக்கொண்டு நாம் சாய்க்கிறோம். உடனே ஓர் இயந்திரம் வந்து நிமிர்த்துகிறது. நிமிர்த்துவதற்காகவா சாய்த்தோம்? கோல்ஃபில் ஒரே அடியில் குழியில் போட்டுவிட்டால், போட்டவன்தான் அத்தனை பேருக்கும் விஸ்கி வாங்கித் தரவேண்டும். திறமைக்குத் தண்டனை!

சிரிக்காதீர்கள், கதவோரத்து உருட்டுப்பந்துக்காரர்களே! உங்கள் ஆட்டம் மட்டும் ஒழுங்கா? உருட்டும் பந்தில் ஒரு பக்கம் வேண்டுமென்றே எடையைக் கூட்டி வைத்திருக்கிறீர்கள். நேராக விட்டால் கோணிப் போகிறது. கோணலாக விட்டால் போய்ச் சேருகிறது. நம் நகரசபைக்கு மனுப் போடுவது போல!

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்த மதியம். சுவருக்கு இந்தப் பக்கம் உருட்டுப்பந்து இறுதியாட்டம். ஆர்ச்சி பெதூனும் நெட்டி கிளெனியும் மோதுகிறார்கள். ஜாக் என்ற வெள்ளைக் குட்டிப் பந்துக்கு யார் பந்து மிக அருகில் நிற்கிறதோ, அவருக்கே வெற்றி. நெட்டி விட்ட பந்து ஜாக்கைத் தட்டி ஓரப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு போனது. பனியில் அதை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பாலிருந்து நம் கேப்டன் ஓங்கி அடித்தார். பந்து பறந்து வந்து, உருட்டுப்பந்துத் தரையின் நட்டநடுவில் அமைதியாக அமர்ந்தது. அதுவும் வெள்ளை!

ஆர்ச்சி தன் கடைசிப் பந்தை உருட்டினார். அது வளைந்து, நெளிந்து, வந்து, அந்த வெள்ளைப் பந்தைக் கன்னத்தோடு கன்னம் உரசி நின்றது. கயிறு வைத்து அளந்தார்கள். கைதட்டினார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கோப்பை வென்ற ஆர்ச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரேறி இறங்கினார் கேப்டன். அவர் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நான்.

"யாராச்சும் என் பந்தைப் பாத்தீங்களா?"

"யோவ் கில்மூர், அங்கயே நில்லு! ஜாக்கைத் தொட்ட, தொலைச்சிருவேன்!"

"ஆர்ச்சி, அது ஜாக் இல்லய்யா. குனிஞ்சு பாரு, என் பேரு போட்டிருக்கு."

ஆர்ச்சி குனிந்தார். நிமிரவில்லை. பள்ளத்தோரத்திலிருந்து நெட்டி கத்தினார்: "அடேய், நெஜ ஜாக் இங்க கெடக்குடா! பக்கத்துலயே என் பந்து! நான்தான் ஜெயிச்சேன்!"

"போ நெட்டி! இத்தன நேரம் நீயும் அந்த வெள்ளையத்தான பாத்துட்டு நின்ன? என் உருட்டலுக்குக் கை தட்டுனது யாரு?"

"தட்டுனேன். இப்ப அந்தக் கைதட்டலத் திருப்பிக் குடு!"

கேப்டனுக்குப் பொறுமை போயிற்று. "கிரேக், எடுத்துட்டு வாடா பந்தை." ஆர்ச்சி சீறினார்: "கிரேக், கை வச்ச, அவ்வளவுதான்!" நடுவில் நான். எடுப்பதா, விடுவதா? கோல்ஃப் விதிப்படி, சுவர் தாண்டினால் அந்தப் பந்து செத்த பந்து. உருட்டுப்பந்து விதிப்படி, அது ஜாக்கே அல்ல. இரண்டு ஆட்டத்திலும் இடமில்லாத ஒரு பந்துக்கு இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்களே, ஏன்?

அப்போதுதான் கேப்டன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விடுங்கப்பா. அடுத்த வருஷம் இந்தச் சண்டையே இல்ல. இங்க நம்ம காருங்க நிக்கும்."

நெட்டி விடவில்லை. "உங்க பந்து விழற எடத்துலயே உங்க காரை நிறுத்துவீங்களா? அடிக்கிறதும் நீங்க, ஒடையறதும் உங்க கண்ணாடியா? நல்லா யோசிச்சீங்க, கேப்டன்!"

இப்போது முன்வரிசையில் சிலர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள்!

திரும்பி வரும் வழியில் கேப்டன் என் தோளில் கை போட்டார். "கூட்டத்துல எங்களுக்கு நல்லதா நாலு வார்த்த பேசு. வசந்தத்துல உன் வேலைய நிரந்தரம் பண்ணிடறேன்" என்றார். "இதையெல்லாம் இங்க சொல்லுவாங்களா, முட்டாள்!" என்று முன்வரிசையிலிருந்து குரல் வருகிறது. வேறெங்கே சொல்வது ஐயா? ஒவ்வொரு குளிர்காலத்திலும் வேலை போய், வசந்தத்தில் திரும்ப வந்து கெஞ்சுகிறவன் நான். எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டாம் என்று வீரம் பேச என் வீட்டு வாடகை விடாது. அதனால்தான் இத்தனை குழப்பம்!

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். கோல்ஃப் சங்கத்தாரே, உங்களுக்கு மேட்டில் ஒரு திடல், கடலோரத்தில் ஒரு திடல். கார் நிறுத்த இந்த ஊரில் உங்களுக்கு எங்கே இடமில்லை? தேவாலயத்துக்குப் பின்னால் இல்லையா? மூடிக் கிடக்கும் வலைக் கிடங்கில் இல்லையா? அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு, ஆர்ச்சியும் நெட்டியும் வாரம் ஒருமுறை வாய்விட்டுச் சண்டை போடும் ஒரே இடம்தான் கண்ணில் பட்டதா? நாலெட்டு நடக்க மாட்டோம் என்கிறீர்களே, நடப்பதற்கென்றே ஆடும் ஆட்டமல்லவா உங்களுடையது?

அந்த இறுதியாட்டத்தில் வென்றது யார்? எனக்குத் தெரியாது. நடுவருக்கும் தெரியாது. வரும் சனிக்கிழமை மறுபடி ஆடச் சொல்லியிருக்கிறார்கள். ஆடுவதற்குத் தரை வேண்டும்! என் குழப்பம் தீரவில்லை, பெருமக்களே. வசந்தத்தில் எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் தலைவி அவர்களே, எண்ணத் தொடங்குங்கள். தரை ஊருக்கே இருக்கட்டும் என்பவர்களின் வரிசையில் முதல் கை இதோ. கேப்டன் அவர்களே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இது உங்கள் புல் வெட்டுகிறவனின் கைதான்.

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், குறுக்கே கத்தியவர்களுக்கும் ஒரே அளவு நன்றி. கை வலிக்கிறது, சீக்கிரம் நீங்களும் தூக்குங்கள். வணக்கம்!