மணி அடிக்காத காலை

நான் எழுந்து நின்ற கணத்திலிருந்தே கைக்கடிகாரத்தைக் கனிவோடு நோக்கிக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் புவனேந்திரன் ஐயா அவர்களே; இளந்தென்றல் முதியோர் இல்லத்தின் இதயமாய் இயங்கிவரும் மேட்ரன் அகீலா மிஸ் அவர்களே; பள்ளிவாசல் ஜமாஅத்தார்களே, கோயில் பரிபாலன சபையாரே, பதுளை பஸாரின் பெருவணிகப் பெருமக்களே; ஹல்துமுல்லையிலிருந்தும் எல்லவிலிருந்தும் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸேறி வந்திருக்கும் தோட்டத்துச் சொந்தங்களே; எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையை முழுதாய் நிறைத்துக் கம்பளிக்குள் கதகதப்பாய் அமர்ந்திருக்கும் இல்லத்துத் தாய்மாரே, தந்தைமாரே, உங்கள் எல்லார் மீதும் சாந்தி உண்டாவதாக. என் பணிவான வணக்கம்.

என்னை அறிமுகம் செய்தவர் 'நாவன்மைக்கு நாயகர்' என்றார். பெரிய மனது அவருக்கு. பஸாரில் என் பெயர் மெத்தைக் கடை புவாத். வீட்டில் அந்தப் பெயரும் இல்லை. "இஞ்ச பாருங்க" என்பதுதான் அங்கே என் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், எந்த மேடையில் நின்றாலும் நான் இறங்கி ஓடிவிடுவேன்.

இன்று இந்தப் பொதுக்கூட்டத்தின் முன்னால் ஒரேயொரு தீர்மானம் இருக்கிறது. நமது இல்லத்து விறாந்தையில் தொங்கும் காலை மணி தொடர்ந்து ஒலிக்க வேண்டுமா, அல்லது ஓய்வு பெற வேண்டுமா? ஓய்வு பெற வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

என்ன சொல்கிறார் அங்கே, பின்வரிசையில்? "மெத்த விக்கிற ஆள் தூங்கச் சொல்லாம வேற என்னத்தச் சொல்லும்" என்கிறாரா? இன்பாஸ், உன் குரல் எனக்குத் தெரியும். நீ செருப்புக் கடைக்காரன். உன்னை மேடையில் ஏற்றினால் எல்லாரையும் நடக்கச் சொல்வாய். உட்கார்.

அன்புப் பெரியோரே, நமது இல்லத்தில் என்ன குறை? பழைய துரை பங்களா, காற்றோட்டமான அறைகள், கறையற்ற விரிப்புகள், கஞ்சியில் உப்பு அளவு, சீனியில் அதைவிட அளவு. வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வந்து பார்க்கிறார்கள். எல்லாரும் குளித்து, தலைவாரி, வரிசையாய் அமர்ந்திருக்கிறார்கள். "எவ்வளவு ஒழுங்கு" என்று வியந்து, படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். விரிப்பைப் பார்த்தார்கள், அதன்மேல் விழுந்த உறக்கத்தை யார் பார்த்தார்? உணவை ருசித்தார்கள், அது உண்ணப்படும் முன் உடைக்கப்பட்ட கனவை யார் கேட்டார்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு செயற்குழுக் கூட்டம். கூரைப் பீலி ஒழுகுவதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். நான் பேசினேன் என்றால் மற்றவர்கள் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பெரியாயி அம்மா உள்ளே வந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தவர். உருவம் சிறியது, நாக்கு நீளமானது. இல்லத்தில் என்னை அதிகம் திட்டுகிற பெருமை அவருக்கே உரியது.

"எனக்கு ஒன்னு வேணுங்க" என்றார்.

தலைவர் அன்பாய்க் கேட்டார்: "என்ன வேணும் பெரியாயி? கம்பளியா?"

"கம்பளி இருக்குங்க."

"பல்லு கட்டணுமா?"

"இருக்குற பல்லுக்கே இங்க வேல இல்லீங்க. கஞ்சிதானே ஊத்துறீங்க."

"அப்ப என்னதான் வேணும்?"

"ஒரு நாளைக்காச்சும் நானா எந்திரிக்கணுங்க."

எங்களுக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் கூடிய அவை அல்லவா, விளங்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். அவர் மேசையில் கையூன்றிச் சொன்னார்:

"சின்னப்புள்ளையில எங்க ஆத்தா ஒதச்சு எழுப்பும். தோட்டத்துல பேரு பதிஞ்சப்புறம், விடியக்கால ஆளுக்கணக்கு எடுக்குற பெரட்டுக்குத் தப்படிச்சு எழுப்புனாங்க. கல்யாணம் கட்டுனப்புறம் புள்ளைங்க அழுது எழுப்புச்சுங்க. புள்ளைங்க கொழும்புக்குப் போயிருச்சு, அப்பாடான்னு படுத்தா இருமலு எழுப்புச்சு. இங்க வந்தேன். இருமலுக்கு மருந்து குடுத்து நிப்பாட்டிட்டு நீங்க மணி அடிக்கிறீங்க. யாரும் எழுப்பாம, தானா கண்ணு முழிச்சா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாமயே போயிருவேனோன்னுதான் கேக்குறேன்."

நான் சும்மா இருக்கக் கூடாதா? என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. "மெத்தை நல்லாத்தானே இருக்கு? கனவெல்லாம் வருதா?" என்று கேட்டேன்.

"வருது புவாத் நானா. எல்லாம் அரைக் கனவு. பதுள டேசன்ல ரயிலு ஏறுறேன். சன்னலோரத்துல ஒக்காருறேன். முதுகுல கொழுந்துக்கூட இல்ல, தலையில அதோட பட்டி இல்ல. ரயிலு மெதுவா ஒரு அசைப்பு அசைக்கும் பாருங்க, அப்பத்தான் அடிச்சிருவாங்க. முந்தி தப்பு, இப்ப மணி. இத்தன வருசமா ஏறுறேன், ஒரு நாளும் அடுத்த டேசன் ஹாலிஎலயத் தாண்டுனதில்ல."

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குப் போனபின் சிரிப்பு இறங்கிவிட்டது, அவர் சொல் இறங்கவில்லை. எண்ணிப் பாருங்கள் பெரியோரே. இந்த ஊவா மலைகளில் எத்தனை லய வீட்டு வரிசைகள், எத்தனை விடியல்கள், எத்தனை தப்பொலிகள். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க ஓடியவர்கள் பாயிலே விட்டுச்சென்ற பாதிக் கனவுகள் எல்லாம் எங்கே போயின? பாதி வழி வந்த ரயில்கள், பாதி பூத்த மரங்கள், பாதி சிரித்த முகங்கள் எங்கே போயின? நமுணுகுலை மலையின் நெற்றியில் நித்தமும் நெளியும் அந்த வெண்முகில் வேறெதுவாக இருக்க முடியும் என்று நான் சில காலைகளில் நினைப்பதுண்டு. முடிவு தேடி மலையைச் சுற்றி வருகின்றன, முடியாத கனவுகள். அவை இறங்கி வந்து தங்குவதற்கு ஓர் இமை வேண்டும். அந்த இமை இன்னும் சற்றே மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

செயற்குழுவில் மேட்ரன் மறுத்தார். மறுத்த காரணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் ஒழுங்குக்காக அல்ல.

"உங்களுக்கு அது மணி" என்றார் அகீலா மிஸ். "எனக்கு அது வேற. மணி அடிச்சா எல்லாரும் அசையிறாங்க. அசையாத ஆள் யாருன்னு எனக்கு உடனே தெரிஞ்சிரும். அந்தக் கட்டிலுக்குத்தான் நான் முதல்ல ஓடணும். மணிய நிப்பாட்டினா, தூங்குறாங்களா, இல்ல வேறயான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு பெண்கள். ஒருவருக்குத் தூங்க வேண்டும். இன்னொருவருக்கு அந்தத் தூக்கம் பயம். பெரியாயி மேட்ரன் பக்கம் திரும்பினார்.

"செத்திருந்தா மணியடிச்சா மட்டும் எந்திரிச்சிருவனாக்கும்" என்றார்.

அகீலா மிஸ் சிரித்துவிட்டார். "சரி. ஒரே ஒரு காலைக்கு. நானே நின்னு பாத்துக்கிறேன்."

அந்தக் காலையைப் பற்றிச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன். விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு, வேனை வளைவிலேயே நிறுத்திவிட்டு நடந்தேறினேன். யாரும் அழைக்கவில்லை. ஊர் வம்பில் எனக்குள்ள ஈடுபாடு நீங்கள் அறிந்ததே. பங்களா முழுவதும் பனி. கூரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மணி இருக்கும் இடத்தில் மணி இல்லை. பனி அதை மூடிவிட்டிருந்தது. மணி அடிக்கும் நேரமான ஐந்தரை வந்தது. போயிற்று. ஒலி இல்லை.

விறாந்தையில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். என்ன கண்டேன் தெரியுமா? ஒருவரைத் தவிர எல்லாரும் விழித்திருந்தார்கள். ஆம், மணி இல்லாமலே. ஆயுள் முழுக்கப் பெரட்டுக்கு எழுந்த உடம்புகள் அல்லவா? வழக்கம் விடவில்லை. ஆனால் ஒருவர்கூட எழுந்து நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். கால்களைத் தரையில் வைக்கவில்லை, பலகைத் தரை கிறீச்சிட்டால் பெரியாயி எழுந்துவிடுவார் என்று. இருமல் வந்தவர் தலையணைக்குள் இருமினார். முன்னாள் கங்காணி முருகையா ஐயா இதோ அமர்ந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள். லயம் லயமாய்ப் போய்க் கூவி எழுப்பியே பழகிய தொண்டை. அந்த நேரம் வந்ததும் அது அரிக்கத் தொடங்கிவிட்டது. துவாயைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு கண்ணீர் மல்க அமர்ந்திருந்தார். சமையலறையில் தேங்காய் துருவப்படவில்லை. குழாய் திறக்கப்படவில்லை. பால் பொங்குவதைக்கூட யாரோ அடக்கிவிட்டதுபோல் இருந்தது.

நான்? நான் ஒரு பெரிய தொண்டு செய்தேன். என் கைத்தொலைபேசி அலறியது. "இஞ்ச பாருங்க, எங்க நிக்கிறீங்க?" என் வீட்டுக்காரி. முருகையா ஐயா என்னைப் பார்த்த பார்வையில் நான் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனானேன். தொலைபேசியைச் சமையலறை வாசலில் இருந்த அரிசி மூடைக்குள் செருகினேன். மாலைவரை கடையில் அதிலிருந்து அரிசி உதிர்ந்துகொண்டிருந்தது.

மேட்ரனைப் பார்த்தேன். வெறுங்காலோடு, கட்டில் கட்டிலாய், ஒவ்வொருவரிடமும் குனிந்து சாடையாலே கேட்டுக்கொண்டு நடந்தார்: நலமா? நலமா? கடைசிக் கட்டிலில் பெரியாயி அம்மா மட்டும் உறங்கினார். அகீலா மிஸ் அங்கே குனிந்து மூச்சுக்குக் காது கொடுத்தார். கேட்டார். இன்னும் குனிந்தார். முகம் வெளுத்தது. புறங்கையை மூக்கருகே கொண்டுபோனார். நாங்கள் அத்தனைபேரும் மூச்சை நிறுத்திக்கொண்டோம். அப்போது வந்தது பாருங்கள் ஒரு குறட்டை, தெமோதரை மேட்டில் சரக்கு ரயில் ஏறுவதுபோல. மேட்ரன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டிலில் சாய்ந்து, அந்த ஏறலையும் இறங்கலையும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பனி விலகியது. வெயில் சன்னலேறி, விரிப்பேறி, அவர் கன்னமேறியது. கண் திறந்தார். கட்டிலைச் சுற்றி நாங்கள்.

"என்ன, நான் செத்துட்டனா?" என்றார்.

"இல்ல பெரியாயி. எந்திரிச்சிட்டீங்க" என்றார் மேட்ரன்.

"யாரு எழுப்புனா?"

"யாருமே எழுப்பல."

அவர் வெயிலைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ ஆவலோடு கேட்டார்கள், "ரயிலு எதுவரைக்கும் போச்சு?"

"கனவே வரலியே" என்றார். "சும்மா தூங்குனேன்." பிறகு கம்பளியை இழுத்துக்கொண்டார். "யாரும் எழுப்பலேன்னா, இன்னும் கொஞ்சம் படுத்துக்கிறேன். நீங்க போய் வேலயப் பாருங்க."

பெரியோரே, தாய்மாரே, அந்தக் காலையில் நான் கண்டதைத்தான் பராமரிப்பு என்கிறேன். கூரை பராமரிப்பா? அது கட்டடம். கஞ்சி பராமரிப்பா? அது கடமை. மாத்திரை பராமரிப்பா? அது மருத்துவம். ஒருவர் அஞ்சாமல் உறங்க, இன்னொருவர் அருகிலிருந்து அவர் மூச்சைக் கேட்பது, அதுதான் பராமரிப்பு. மணி அடிப்பது எளிது. ஒரு கை போதும். மூச்சைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். மணிக்குப் பதில் மனிதர். இதுதான் தீர்மானம்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். விடியலில் இல்லத்துப் பணிப்பெண்கள் வெந்நீரோடும் கஞ்சியோடும் போராடுகிறார்கள். கட்டில் கட்டிலாய்ப் போய்க் கேட்க மேட்ரன் ஒருவரால் தினமும் முடியாது. ஆகவே நாம்தான் முறைவைத்துப் போக வேண்டும். ஆம், நாம். சால்வை போர்த்திக்கொண்டு இந்த மேடையில் அமர்ந்திருக்கும் நாம். அவர்கள் தூங்க வேண்டுமென்றால் நாம் எழ வேண்டும். ஏன் திடீரென்று மண்டபம் இவ்வளவு அமைதியாகிவிட்டது? மின்சாரம் போகவில்லையே. நானும் உங்களைப்போலத்தான்; என் கடை மெத்தைகளை நானே பரிசோதிக்கிறவன். ஆனாலும் வெள்ளிக்கிழமைக் காலையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன்.

தலைவர் அவர்கள் மேசைமணியின் மேல் கை வைத்துவிட்டார்கள். என் நேரம் முடிந்தது; அறிவேன். ஐயா, உங்களை இரந்து கேட்கிறேன், அதை அடிக்காதீர்கள். முன்வரிசை ஓரத்து நாற்காலியைப் பாருங்கள். பெரியாயி அம்மா தூங்கிவிட்டார்கள்.

ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள் தம்பி. இன்னும் கொஞ்சம்.

யாரும் கைதட்ட வேண்டாம். தீர்மானத்துக்கு உடன்படுகிறவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள். உயர்த்தும் கை விடியலில் எழப்போகும் கை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உயர்த்துங்கள். அகீலா மிஸ்ஸின் கை. முருகையா ஐயா, ஒரு கை போதும். தோட்டத்துச் சொந்தங்கள் வரிசையாய், கொழுந்து நிரைபோல. இன்பாஸ், அது சம்மதமா, சோம்பல் முறிப்பா? சம்மதம் என்றே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இதோ, தலைவர் மணியிலிருந்து கையை எடுக்கிறார்கள். அந்தக் கையையே உயர்த்துகிறார்கள்.

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. தேநீர் பின்பக்க மண்டபத்தில் இருக்கிறது. நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். அவர் தானாக எழும்வரை நானும் மேட்ரனும் இங்கேயே இருக்கிறோம். போய்வாருங்கள், வணக்கம், வஸ்ஸலாம்.