பொம்மை கட்டியிருந்த தாவணி

“ஏன்டி சரோஜா, ஒன் பொம்மை கட்டியிருக்கிறது என் தாவணியில்ல?”

புதுக்கோட்டைக் கருவூலத்தில், உயிரோடு இருப்பதை அரசுக்கு நிரூபிக்க ஓய்வூதியர்கள் நாங்கள் வருடந்தோறும் நிற்கும் வரிசை அது. எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர். சரோஜா என்பவர், கையிலிருந்த சாண் உயரப் பொம்மையின் தாவணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஒன்னோடதுதான் வசந்தா. டிரெயினிங் ஹாஸ்டல்ல ஆண்டு விழாவுக்கு வாங்கினேன்ல.”

“தொலஞ்சு போச்சுன்னு சத்தியம் பண்ணினியேடி! எங்க ஆத்தா ஒரு மாசம் என்னோட பேசல.”

“தரத்தான் நெனச்சேன். அதுக்குள்ள நீ வேலை கெடச்சு மணமேல்குடி போயிட்ட. ஒன் ஞாபகத்துக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. எலி கடிச்சது போக மிச்சம் இது.”

வசந்தா துணியை விரலால் தடவினார். “மாம்பழ மஞ்சள் அப்படியே இருக்கு. நம்மதான் வெளுத்துட்டோம். பொம்மையோட குடு.”

“ஓரம் முடியல. அடுத்த வருஷம் இங்க வருவேல்ல, அப்பத் தாரேன்.”

“அன்னைக்கும் ஓரம் அடிச்சுத் தாரேன்னுதானே வாங்கிட்டுப் போன!”

“இந்தத் தடவை தப்பாது. நீ வந்து சேரு.”

“இந்த முட்டியோட ரெண்டு பஸ் மாறி வரணும்டி.” வசந்தா குனிந்து முட்டியை நீவிக்கொண்டார். “சரி, வாரேன்.”

இவ்வளவு தூரம் வரவே வேண்டாம், வீட்டிலிருந்தபடியே கைரேகை வைத்து முடித்துவிடலாம் என்ற விதி எனக்குத் தெரியும். கேட்காதவர்களுக்கும் விதி சொல்வது என் வழக்கம். அன்று சொல்லவில்லை.