ஆவியும் காத்தும்

பாம்பன் பாலத்தில் காற்று அதிகம் என்று தனுஷ்கோடி ரயிலை மண்டபத்திலேயே நிறுத்திவிட்டார்கள். எதிர்ப் பலகையில் இரண்டு உபதேசியார்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவர் சொன்னது காதில் விழுந்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“ஆவியை எடுத்துட்டேன்ணே.”

“பரிசுத்த ஆவியையா?”

“என்ன செய்யச் சொல்றீக? ‘உங்க மேல ஆவி இறங்கும்’னு பிரசங்கம் பண்ணேன். மீன்பிடிக்கிற சனம், பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடிப்போச்சு. ‘கடல்ல செத்தவன் ஆவியா, கரையில செத்தவன் ஆவியா’ன்னு ஒரு அக்கா கேக்குது.”

“பெறகு?”

“காத்துன்னு மாத்துனேன். கண்ணுக்குத் தெரியாது, ஆனா வள்ளத்துப் பாயைத் தள்ளிக்கிட்டுப் போகும்னேன். ஒடனே புரிஞ்சுக்கிட்டாக. இப்பக் கோயில்ல ஒக்கார எடமில்ல.”

“பாதிரியாருக்குத் தெரிஞ்சா ஒன் வேலை போயிரும்.”

“அது கெடக்கட்டும்ணே. முந்தாநாள் காத்தே இல்ல, வள்ளம் நகரல. நேரா எங்கிட்ட வந்துட்டாக. ‘ஒங்க காத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க’ங்கிறாக. நானும் முழங்கால் போட்டு ஜெபிச்சேன்.”

“வந்துச்சா?”

இளையவர் அடைத்திருந்த சன்னலைப் பார்த்தார். அது தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னும் நிக்கலையேண்ணே. இப்ப அதை நிப்பாட்டச் சொல்லி அங்கன கோயில் வாசல்ல ஒக்காந்திருப்பாக.”