சமாதி பார்க்கப் போனவர்

ஒரகடம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் சரக்குக் கப்பலில் மெக்கானிக் என்பதும், விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார் என்பதும் பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. மறைமலை நகரிலிருந்து அவரைப் பார்க்க வந்தவர்.

"உலகமெல்லாம் சுத்திக்கினு வர்றியே மாமா, அங்க பாக்கறதுக்கு இன்னாதான் கீது?" என்று மைத்துனர் கேட்டார்.

"எல்லாம் சமாதிதான்டா."

"இன்னா மாமா இப்டி சொல்றே?"

"நெசமாத்தான். எகிப்துல பிரமிடு பாத்தேன், அது சமாதி. ரோம்ல அம்மாம் பெரிய கோயிலு, அதுக்கு அடியிலயும் சமாதி. இங்க தாஜ்மகாலும் அதான். எவன் செத்ததுக்கோ டிக்கெட் வாங்கி, க்யூவுல நின்னு, பாத்துட்டு வந்தேன். எங்கம்மா சமாதியத்தான் பாக்க முடியல."

"ஏன், இன்னாச்சு?"

"நான் கப்பல்ல இருக்க சொல்லோ ஏரிக்கரை சுடுகாட்டையும் சேத்து வளைச்சு கம்பெனிக்காரன் செவுரு எழுப்பிட்டான். நேத்து கேட்டாண்ட போய் நின்னேன். பாஸ் இல்லாம உள்ள வுட முடியாதுன்னான் செக்யூரிட்டி. சரின்னு செவுத்து ஓரமா கற்பூரம் ஏத்தினேன். அவன் ஓடியாந்து ஷூ காலால தேச்சு அணைச்சுட்டான்."

மைத்துனருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "சும்மாவா வுட்டே? சட்டையப் புடிச்சு நாலு கேக்க வேணாம்?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கூரு பையன்தான்டா அவன். அவங்கப்பனையும் அங்கதான் பொதைச்சிருக்கு."