மலையை இடமாகச் சுற்றியவள்

உக்காருங்க, உக்காருங்க. உலை இப்பத்தான் கொதிக்குது, மழையும் விட்டபாடில்ல. தம்பி, நீங்க என்ன கேட்டீங்க? வண்டி எடுத்தா மதியத்துக்குள்ள தீவைச் சுத்திட்டு வந்துரலாமான்னா? வரலாமே. வந்துட்டு என்ன பண்ணுவீங்க? மறுபடி ஒருக்கா சுத்துவீங்களா?

இங்க நடந்துதான் சுத்தணும். ஊருக்கு ஊரு தங்கித்தான் சுத்தணும். அதுக்கு ஒரு கதை இருக்கு. இந்தச் சத்திரத்துல சோறு வடிக்கிறவன் அந்தக் கதையைச் சொல்லாம இலை போடக் கூடாதுங்கிறது கட்டளை. எனக்கு முன்னாடி வடிச்சவரு எனக்குச் சொன்னாரு. அவருக்கு முன்னாடி இருந்த அம்மா அவருக்குச் சொன்னாங்க. அவரு சொன்னா ஆளுங்க தூங்கிடுவாங்க. நான் கொஞ்சம் தேவலாம்.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்த மலை இப்ப மாதிரி சோம்பேறியாப் புகை விட்டுக்கிட்டு இருக்காம, கோவம் வந்தா நெருப்பைக் கக்கிக்கிட்டு இருந்த காலத்துல, கரிமணல்னு ஒரு ஊரு. மலைக்கு அந்தப்பக்கம், கடக்கரையே கரிய அள்ளிக் கொட்டுன மாதிரி கெடக்கும், அந்த ஊருதான். அந்தக் கரையில ஒருநாள் விடியக்காலம் ஒரு பொம்பளை ஒதுங்கிக் கெடந்தாளாம். பேரு அங்காயி.

கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போன கப்பல் பாறையில மோதி ஒடைஞ்சுபோச்சாம். புருஷனைப் பஞ்சத்துல பறிகொடுத்துட்டு, வயசுக்கு வந்த ஒத்தை மகளைக் கூட்டிக்கிட்டுப் பொழைக்க வந்தவ இவ. மக பேரு குஞ்சரம். தாயும் மகளும் ஒரே பலகையைப் பிடிச்சுக்கிட்டு மிதந்தாங்களாம். ஒரு அலை வந்துச்சாம். பலகை இவகிட்ட இருந்துச்சு, மக இல்லையாம்.

கரிமணல்ல இருந்தவங்களும் நம்ம சனந்தான். முன்னாடி வந்த கப்பல்கள்ல வந்து தங்கிட்டவங்க. அவங்க கஞ்சியை ஊத்தி எழுப்புனாங்க. கண்ணு முழிச்சதும் அவ கேட்டது ஒண்ணுதான்.

"எம் மவ எங்க?"

"தாயி, கப்பல் ஒடைஞ்சா நாலா பக்கமும் ஆளு ஒதுங்கும். உசுரோட இருந்தா ஏதாச்சும் ஒரு ஊருல இருப்பா. மலையைச் சுத்தி ஊரு இருக்கு, போய்ப் பாரு."

எந்தப் பக்கமாப் போகணும்னு அவங்களும் சொல்லல, இவளும் கேக்கல. நம்ம சனத்துக்கு அதைச் சொல்லவும் வேணுமா? கோயிலோ, அரசமரமோ, மலையோ, சுத்துறதுன்னா வலமாத்தான். இடமாச் சுத்துறது சுடுகாட்டுல மட்டுந்தான்.

மலை வலப்பக்கம், கடல் இடப்பக்கம். அங்காயி நடந்தா. கல்லு தேயல, காலு தேஞ்சுது.

இப்ப நீங்க நடக்குற பாதையெல்லாம் அப்ப கிடையாதுங்க. நெருப்பு ஓடி ஆறுன பாறை. அருவாமணையை வரிசையா நட்டு வெச்ச மாதிரி இருக்கும். வழியில தண்ணி கெடையாது, தின்ன ஒரு இலை கெடையாது. அதனால ஒரு ஊருல தங்கணும், வேலை செய்யணும், கையில கொஞ்சம் கெழங்கு சேத்துக்கிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்பணும். ஓடணும்னு நெஞ்சு அடிச்சுக்கும். ஓட முடியாது.

முதல்ல காத்துப்பள்ளம் வந்தா. அங்க காத்து ஆளைத் தூக்கும். சாம்பல் மண்ணுல குழி வெட்டி, குழிக்குள்ள ஒரு பூசணிக்கொடி, கொடியைச் சுத்திக் கல்லு அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு வீடு கட்டித் தருவாங்கன்னு வெச்சுக்கங்களேன். அங்காயி கல்லு அடுக்கிக்கிட்டே கேட்டா.

"குஞ்சரம்னு ஒரு பொண்ணு..."

"உம் மகளா? இங்கதானே ஒதுங்குனா! அம்மாவைத் தேடிப் போறேன்னு போன வாரம் கிளம்பிட்டாளே."

அங்காயி கையில இருந்த கல்லைப் போட்டுட்டு அங்கேயே உக்காந்து அழுதாளாம். மக உசுரோட இருக்கா. அது போதும்னு அழுதாளாம். அழுது முடிச்சுட்டுக் கேட்டா, "எந்தப் பக்கமாப் போனா?"

"எந்தப் பக்கமாவா? இது என்ன கேள்வி? வலமாத்தான்."

மலை வலப்பக்கம், கடல் இடப்பக்கம். நடந்தா. கல்லு தேயல, காலு தேஞ்சுது.

அடுத்து வெந்நிக்குளம். பூமிக்குள்ள இருந்து தண்ணி கொதிச்சுக்கிட்டே வரும். கெழங்கை ஓலைக்கூடையில போட்டு உள்ள எறக்குனா வெந்து வந்துரும், அடுப்பே வேண்டாம். ஊர்ப் பெரியவரு சடையன் சொன்னாரு, "வந்தா, நாலு நாள் கெழங்கு வேகவெச்சுக் குடுத்தா, போயிட்டா. நல்ல பொண்ணு." அதுக்கு அடுத்து புகைக்கரை. பாறை வெடிப்புல வர்ற புகையில மீனைக் கட்டித் தொங்கவிடுற ஊரு. அங்கயும் அதே பேச்சு. வந்தா, இருந்தா, போயிட்டா.

சுத்தி முடிச்சுக் கரிமணலுக்கே வந்து சேந்தா. கரிமணல்காரங்க ஓடி வந்தாங்களாம்.

"அடியே, உம் மவ வந்தாளே! நீ உசுரோட இருக்கேன்னு சொன்னதும் எங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடுனா. நீ போன வழியிலேயே உன்னைப் பிடிக்கிறேன்னு ஓடிட்டாளே!"

பாத்தீங்களா? மகளைத் தேடி அம்மா, அம்மாவைத் தேடி மக. ரெண்டு பேரும் வலமா. செக்குமாடு ரெண்டு பூட்டுனா ஒண்ணை ஒண்ணு எப்பப் பாக்கும்?

அங்காயி என்ன பண்ணுனா? "எம் மவ மறுபடி வந்தா, இங்கயே இருக்கச் சொல்லுங்க"ன்னு கரிமணல்ல சொல்லிவெச்சுட்டு நடந்தா. ஒக்காரக் கூடாதான்னு கேப்பீங்க. அவளுக்கு ஒக்காரக் காலு வரல. வெந்நிக்குளம் வந்தா, சடையன் சொல்றாரு, "உம் மவ ரெண்டாம் சுத்து வந்துட்டுப் போனா. எங்கம்மா வந்தா இங்கயே இருக்கச் சொல்லுங்க, நான் சுத்தி வந்துடறேன்னு சொல்லியிருக்கா." சரி, மக சொல்லிட்டாளே. இவ உக்காந்துட்டா. அந்தப் பக்கம் குஞ்சரம் கரிமணலுக்குப் போனா, "உங்கம்மா இங்கயே இருக்கச் சொன்னா." சரி, அம்மா சொல்லிட்டாளே. அவளும் உக்காந்துட்டா.

சிரிக்காதீங்கம்மா. நானும் மொதல்ல கேட்டப்ப சிரிச்சேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க?

மழை பிடிச்சுக்கிச்சு. மழைக்காலத்துல ஓடை பெருகுனா ஊருக்கு ஊரு போக்குவரத்து இல்ல. மலைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மக. தினம் ஒரு கெழங்கை எடுத்து ஓலையில மூடி வெப்பாளாம் அங்காயி, மக வந்தா பசியோட வருவான்னு. சாயங்காலம் அதைப் பிரிச்சு அவளே தின்பாளாம். மழை விட்டுச்சு, மக வரல. சீக்கு கீக்கு வந்து எங்கயாச்சும் கெடக்காளோன்னு கிளம்பிட்டா. மழை விட்டுச்சு, அம்மா வரல. அதே நெனப்போட குஞ்சரமும் கிளம்பிட்டா.

அங்காயி புகைக்கரை தாண்டிக் கரிமணல் வந்தா. "மழைக்காலம் பூரா இங்கதான் கெடந்தா உம் மவ. முந்தாநாள்தான் போனா."

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுச்சாம். அந்தக் கரி மணல்ல உக்காந்து, மலையையே பாத்துக்கிட்டு இருந்தாளாம். ஒரு கெழவி வந்து சொன்னாளாம், "இங்கயே இரு ஆத்தா, வரட்டும்."

"நான் இங்க இருந்தா, அவ வேற எங்கயாச்சும் எனக்காக இருப்பா ஆச்சி. அவ எம் மவ." சொல்லிட்டு எந்திரிச்சு, வந்த வழியே திரும்பி நின்னாளாம்.

ஊரே அலறிருச்சு. "இடமாவா? மலையை இடமாவா சுத்தப்போற?"

என்னம்மா, கையைத் தூக்குறீங்க? மகளும் அதே மாதிரி திரும்பிட்டா என்ன பண்றதுன்னா? நல்லாக் கேட்டீங்க. உங்க வீட்டுக்காரருக்கு இது தோணல பாருங்க, அவரு வண்டியிலேயே இருக்காரு.

குஞ்சரம் திரும்ப மாட்டா. அது அங்காயிக்குத் தெரியும். ஏன்னா, ஊருல இருந்த காலத்துல, குஞ்சரம் சின்னப் புள்ளையா இருந்தப்ப, அய்யனார் கோயிலை விளையாட்டா இடமாச் சுத்தி ஓடியிருக்கா. இவ புளிய விளாறை ஒடிச்சுக் கெண்டைக்கால்ல வரி வரியாப் போட்டுட்டா. போட்டதோட விட்டாளா? "எந்தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்ணுடி. இடமாச் சுத்துனா உங்கம்மா செத்துருவா. சுத்துவியா?" அந்தப் புள்ள அழுதுக்கிட்டே கை வெச்சு, சுத்த மாட்டேம்மான்னு சொல்லியிருக்கா. அம்மாவைத் தேடுறவ அம்மாவைக் கொல்ற பக்கமாத் திரும்புவாளா?

அதனால திரும்ப வேண்டியது அங்காயிதான். சொல்லிக் குடுத்தவதான் மீறணும்.

பயம் இல்லாமயா இருக்கும்? மலையைப் பாத்துக் கும்புட்டுச் சொன்னாளாம், "அப்பா, கேடு வந்தா என் தலையில போடு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

மலை இடப்பக்கம், கடல் வலப்பக்கம். நடந்தா. கல்லு தேயல, காலு தேஞ்சுது.

புகைக்கரையில கதவைச் சாத்திக்கிட்டாங்க. வெந்நிக்குளத்துக்கு வர்ற நேரம் பாத்து மலை உறுமிருச்சாம். உலைமூடி ஆடுற மாதிரி பூமி தடதடன்னுச்சாம். சடையன் தடியோட வந்து நின்னாரு.

"நில்லு! உனக்குப் பாடை நடை நடக்கணும்னா கடலுக்குள்ள நட. எங்க ஊரு சாம்பலாகணுமா?"

"அண்ணே, உங்க பயம் எனக்கும் இருக்கு. வேற எவளாச்சும் இப்படி வந்தா நானே கல்லெடுத்து அடிச்சிருப்பேன். ஊருக்குள்ள வரல. கடலோரமாப் போயிடறேன், விடுங்க."

"போனவ திரும்பி வராத."

"எம் மவ கெடைச்சா எதுக்கண்ணே வரப்போறேன்?"

அவ கடலோரமாப் போறப்ப, ஊர்க் கடைசிக் கல்லுச் சுவத்துமேல ஒரு ஓலையில ரெண்டு கெழங்கு இருந்துச்சாம், சூடா. கொஞ்சம் தள்ளி சடையன் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாராம். பாக்காத மாதிரி.

அதுக்கப்புறம் இந்தக் கரும்பாறை. ஊரும் இல்ல, சனமும் இல்ல. அங்காயி நடந்து வர்றா. எதுத்தாப்புல ஒரு உருவம் வருது. காஞ்சு கருத்து, சடை பிடிச்ச தலை, யாரோ குடுத்த கந்தல். அந்த உருவம் இவளைப் பாத்துச்சு. இடமா ஒருத்தி வர்றா, பொணத்துக்கு முன்னாடி போறவளோ, பொணமேதானோன்னு பயந்து, சட்டுனு திரும்பி, பாறையில முகத்தைப் புதைச்சுக்கிச்சாம்.

அங்காயிக்கு அது பழகிப்போச்சு. வழியெல்லாம் அவளைப் பாத்து முகத்தைத் திருப்புனவங்கதான். இன்னொருத்தின்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டாளாம். தாண்டிப் போயிட்டா! நாலு எட்டு வெச்சவ, எல்லா ஊருலயும் கேட்ட பழக்கத்துல, திரும்பிக்கூடப் பாக்காம கேட்டா.

"தாயி, குஞ்சரம்னு ஒரு பொண்ணு, என்னைத் தேடிக்கிட்டு வந்தாளா?"

பாறையில இருந்து சத்தம் வந்துச்சாம். "போ! எங்கம்மா குரல்ல பேசாத. போ, பேயே!"

அங்காயி திரும்பி ஓடி வந்தா. "குஞ்சரம், நாந்தாண்டி."

"எங்கம்மா இடமாச் சுத்த மாட்டா. என்னை அடிச்சுச் சொல்லிக் குடுத்தவ அவ. எங்கம்மா ஒருநாளும் இப்படி வர மாட்டா."

கண்ணை மூடிக்கிட்டுப் பாறையை விடாமப் பிடிச்சுக்கிட்டாளாம். தீவு பூரா தேடுன புள்ள கை எட்டுற தூரத்துல. முகத்தைக் காட்ட மாட்டேங்குது. எதனால? இவ சொல்லிக் குடுத்ததை அது நல்லாப் படிச்சுக்கிட்டதனால.

இழுத்துத் திருப்பியிருக்கலாம். அங்காயி தொடலையாம். பக்கத்துல உக்காந்தா. மெதுவாச் சொன்னா.

"அடிச்சவ நாந்தான். புளிய விளாறு. எடது கெண்டைக்கால். அன்னிக்கு நீ தூங்குனப்புறம் வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தடவுனேன். தடவிக்கிட்டே அழுதேன். உனக்குத் தெரியாது, நீ தூங்கிட்ட. அடிச்சுருக்க வேண்டாம்டி. அந்தச் சத்தியத்தை வாங்கியிருக்கவே வேண்டாம்."

அலை மட்டும் வந்து வந்து போச்சாம். அப்புறம் பாறைக்குள்ள இருந்து வந்த மாதிரி ஒரு குரல்.

"நான் தூங்கலம்மா."

அப்படிச் சொல்லித் திரும்புனாளாம்.

மன்னிச்சுக்கங்க, இந்த இடம் வந்தா நான் எப்பவும் எந்திரிச்சுப் போயிருவேன். உலையில அரிசியைப் போட்டுட்டு வந்துடறேன்.

ஆங். மலை என்ன பண்ணுச்சுன்னா கேக்குறீங்க? ஒண்ணும் பண்ணல. உறுமுனதோட சரி. சடையன் வந்து பாத்துட்டு, மலைக்கும் பெத்த மனசு இருக்கும் போலன்னு சொன்னாராம். தாயும் மகளும் அதுக்கப்புறம் எந்த ஊருக்கும் போகல. இந்தப் பாறைக்கிட்டயே குடிசை போட்டு, ரெண்டு பக்கமிருந்தும் வர்றவங்களுக்குக் கெழங்கு வேகவெச்சுப் போட்டாங்க. அந்தக் குடிசைதான் இந்தச் சத்திரம். வாசல்ல ஒரு பாறையில முகம் வைக்கிற அளவுக்குக் குழி இருக்குதே, பாத்தீங்களா? அதுக்கு முகம்திருப்பிப் பாறைன்னு பேரு.

அன்னையில இருந்து இந்தத் தீவுல ஒரு பழக்கம். ஒண்ணா வந்தவங்க இங்க பிரியணும். ஒருத்தர் வலமா, ஒருத்தர் இடமா. ஊருக்கு ஊரு தங்கி, அங்கங்க ஒரு கை வேலை செஞ்சு, சாப்பிட்டு, எதுத்தாப்புல வந்து சந்திக்கணும். நாளைக்கு நீங்களும் அப்படித்தான் போகப்போறீங்க. வண்டியை அந்தக் கொட்டகையில விட்டுருங்க தம்பி, யாரும் எடுக்க மாட்டாங்க. உங்க வீட்டம்மா இடமாப் போகட்டும். உங்களை அவங்கதான் தேடி வரணும்னு தோணுது எனக்கு.

இன்னொண்ணு. வழியில எதிர்ல யாரு வந்தாலும் முகத்தைத் திருப்பக் கூடாது. இங்க சௌக்கியமான்னு கேக்க மாட்டாங்க. "யாரைத் தேடுற?"ன்னுதான் கேப்பாங்க. முன்ன பின்ன பாக்காத ஆளா இருந்தாலும் நின்னு, முகத்தைப் பாத்து, ஒரே பதிலைத்தான் சொல்லணும்.

"உன்னைத்தான்."

இலை போடட்டுமா?