கடலைக்காரனின் மூக்கு

கடலைக்குச் சர்க்கரை ஏற்றப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. ஒரு செப்புச் சட்டி, ஒரு மரக்கரண்டி, ஒரு மூக்கு. முதல் இரண்டையும் மொந்தேவிதேயோவின் எந்தச் சந்தையிலும் பேரம் பேசி வாங்கிவிடலாம். மூன்றாவதைப் பெற்றவள்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். அதற்குத்தான் வந்தேன். உங்கள் மாத்தே தேநீர் ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பேருந்து நிலைய முனையில் நானும் வால்டெமாரும் பத்தொன்பது வருடம் எதிரெதிரே வண்டி போட்டிருந்தோம். எங்கள் தொழிலில் கூவி விற்கும் வழக்கம் கிடையாது. கூவுகிறவனிடம் நேற்றைய கடலை இருக்கிறது என்று அர்த்தம். வாசனைதான் கூவ வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்தால் வெறும் சட்டியில் ஒரு பிடி சர்க்கரையும் இரண்டு சொட்டு வெனிலாவும் போட்டு, காற்று போகும் பக்கமாக வண்டியைத் திருப்பி வைப்போம். பஸ்ஸுக்கு ஓடுகிறவன்கூட நின்று சட்டைப்பையைத் தடவுவான். ஜனங்கள் அவ்வளவுதான். மூக்கைப் பிடித்து இழுத்தால் முழு உடம்பும் வரும்.

குளிர்காலத் தொடக்கத்தில் வால்டெமார் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தான். எழுந்து வந்தபோது வண்டியில் சட்டி இல்லை. வீட்டிலேயே ஏர் ஃப்ரையரில் செய்த கடலையைப் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருந்தான். ஏர் ஃப்ரையர். கோழிக்கால் வாட்டுகிற டப்பா.

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும் பெருசு. புகையில்ல, கையில கொப்புளமில்ல. மணி அடிச்சா எடுத்துக் கொட்ட வேண்டியதுதான்."

"மணி அடிச்சு விடுறதுக்கு அது கடலையா, பள்ளிக்கூடமா?" என்றேன்.

அவன் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தான். அவனைக் கிண்டல் செய்தால் அவனே முதலில் சிரித்துவிடுவான். சுயமரியாதை இல்லாதவர்களிடம் இந்தக் குணத்தைப் பார்க்கலாம்.

நான் நெருப்பில் வெந்துகொண்டு கிளறுவேன். வாசனை என் சட்டியிலிருந்து தெருவைத் தாண்டும். அதை மோந்துகொண்டு வரும் கூட்டம் அவன் முன்னால் போய் நிற்கும். "அக்கா, அந்தப் பக்கம் நிக்கிற தாத்தா எனக்குச் சம்பளமில்லாம விளம்பரம் பண்றாரு" என்பான். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். என் புகை, அவன் விற்பனை. புத்தாண்டு முதல் அந்த முனையில் ஒரே வண்டிக்குத்தான் இடம் என்று நகராட்சி வேறு சொல்லியிருந்தது. சுற்றியுள்ள கடைக்காரர்களைக் கேட்டு முடிவு செய்வார்களாம். கேட்டால் யார் பெயரைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதனால் எனக்குக் கோபம் என்று நினைத்தால், நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. எனக்குக் கோபமே வரவில்லை.

ஒருநாள் பஸ் டிரைவர்கள் இருவர் அடித்துக்கொண்டதை வேடிக்கை பார்த்ததில் என் சட்டி தீய்ந்துவிட்டது. என் முப்பது வருடத் தொழிலில் முதல் தடவை. கசந்த கறுப்புப் புகை. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. சண்டை பார்க்க என் பக்கம் வந்து, சட்டியிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்ற வால்டெமார் மட்டும், தினமும் சொல்வதைச் சொன்னான்:

"என்ன பெருசு, இன்னிக்கு வெனிலா தூக்கலா? வாசனை ஆளையே தூக்குது!"

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தான். பிறகு என் வண்டிக்குப் பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

"காய்ச்சலோட போயிடுச்சுய்யா. ஒண்ணும் தெரியல. சர்க்கரை எப்பப் பதமாகுது, எப்பக் கருகுதுன்னு தெரியாமத்தான் மணி அடிக்கிற மெஷினு. என் பொண்டாட்டி சுல்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொல்லிடாத, எவரிஸ்தோ. மூக்கில்லாத கடலைக்காரன்னா தெருவே சிரிக்கும்."

சொல்லமாட்டேன் என்றேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, தீயணைப்புக்காரர்களிடம்கூட. வாக்கு என்றால் எனக்கு வாக்கு.

அதற்குப் பிறகு என்னிடம் அவனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. மெஷினைக் காட்டுகிறேன் வா என்று நச்சரித்தான். வியாழக்கிழமை வருகிறேன் என்றேன். வியாழனன்று சுல்மா தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் நல்ல பெண்மணி, மூக்கும் நல்ல மூக்கு. அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஆற்றுக்காற்றுக்குப் பயந்து வீட்டு ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தான். கடலை, சர்க்கரை, ஒரு கரண்டித் தண்ணீர், பட்டைப்பொடி. எல்லாவற்றையும் கலந்து காகிதம் விரித்த கூடையில் பரப்பினான். பாதியில் ஒரு குலுக்கு, பிறகு மணி. குழந்தை பிறந்ததுபோல என் கையில் அள்ளிக் கொடுத்தான்.

"எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லு."

நன்றாக இருந்தது. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பரவாயில்ல" என்றேன்.

காஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து மாத்தே குடித்தோம். நாலு மணிக்கு அடுத்த கூடை போட வேண்டும், அதுவரை கண்ணயர்கிறேன் என்றான். "கதவைச் சாத்திட்டுப் போ பெருசு. உன்னை மாதிரி ஒரு சிநேகிதன் கிடைக்க மாட்டான்யா" என்று சொல்லிக்கொண்டே படுத்தான். சொன்னபடி கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நாலு மணிக்கு நான் என் சட்டியில் கிளறிக்கொண்டிருந்தேன். வால்டெமார் வீட்டுப் பக்கமிருந்து வந்த வெடிச்சத்தம் எங்கள் முனைவரை கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. சர்க்கரை மணல் மாதிரி வெளுத்து வருகிற நேரம் அது. அப்போது கையை நிறுத்தினால் கடலை கட்டிதட்டிவிடும்.

வெள்ளிக்கிழமை, கிளம்பும்போது காஸ் வாசனை வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் எழுதிக்கொண்டே, "பாவம் தாத்தா, வயசாயிடுச்சுல்ல. உங்க மூக்கும் மழுங்கிப்போயிருக்கும்" என்றீர்கள். பக்கத்து மேசைக்காரரும் தலையாட்டினார். நேற்று முனையில் பூக்காரி என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிக்கிறாள். "கடலைக்காரருக்கே காஸ் வாசனை தெரியலையாம்ல" என்று கண்ணாடிக்கடைக்காரனிடம் சொல்கிறாள், என் காதுபட.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். வாசனை வந்தது. அடுப்பின் குமிழைத் திருப்பிய கை என்னுடையது. வருகிறதா என்று அடுப்படியிலேயே இருபது எண்ணும்வரை நின்றேன். அழுகிய முட்டைக்கோஸ் போல, மிகத் தெளிவாக வந்தது. அவன் எழுந்து வந்து அதன் நடுவில் நின்றுகொண்டு, ஒன்றும் தெரியாமல் மெஷினைப் போடுவான் என்பதும் தெரியும். ஒரு சாதாரண மூக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அந்த முனைக்கு அது இல்லாதவன் லாயக்கில்லை என்பதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

மற்றதையெல்லாம் உங்கள் விருப்பப்படி எழுதுங்கள், அம்மா. கொலை என்று எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. மூக்கு மழுங்கியவன் என்ற அந்த வரியை மட்டும் இப்போதே, என் கண்முன்னால், அடித்துவிடுங்கள்.