இடப்பக்கத்துப் பூச்சு

ஆமா சார், கனகா ஊடு இதான். நான் அவ அம்மா. பள்ளிக்கூடத்துல ஒண்ணும் சொல்லலியா? வாத்தியாரு லீவா. அதான பாத்தேன். அந்தப் பக்கம் மீன் வல ஈரமா கீது, இப்படிக் குந்துங்க. அவரு ஏரிக்குப் போயிக்கிறாரு, எறால் புடிக்க.

அவ பல்லுல பூச்சு ஒட்டிக்கினு கீதான்னு பாக்கணும், அவ்ளோதான? சொல்றேன். மொதல்ல தண்ணி குடிங்க. உப்பா கீதா? எங்க கெணறு அப்படித்தான்.

எமர்ஜென்சிக்கு முந்தி வந்தீங்க. பஞ்சாயத்து ஆபீஸ்லேர்ந்து ஒயரு இழுத்து, சொத்த உழாம இருக்கன்னு ஊதா வெளிச்சம் காட்டி பல்லுல பூசினீங்க. பல்லு புடுங்கறாங்கன்னு பாதிப் புள்ளைங்க சவுக்குத் தோப்புக்கு ஓடிட்சுங்க. எம் பொண்ணுதான் மொத ஆளா போயி வாயத் தொறந்துச்சு. எலுமிச்சங்கா மாதிரி புளிப்பா இன்னாமோ வச்சாங்கம்மான்னு வந்து சொல்லிச்சு.

நீங்கதான சார் அவகிட்ட பேசினது? அப்போ மீச இல்ல உங்களுக்கு. இடது பக்கம் மட்டும் பூசறோம், வலது பக்கம் சொம்மா உட்டுடறோம், அப்பதான் ரெண்டையும் ஒத்துப் பாக்கலாம்னு சொன்னீங்களாமே. பூச்சு போகாம இருந்தா இங்க் பேனா தரேன்னும் சொன்னீங்களாம். போன வருசமே வர்றேன்னுதான் சொன்னீங்களாம். பரவால்ல, உங்களுக்கு எவ்ளோ ஊரு.

அன்னிலேர்ந்து இடது பக்கம் எதையும் கடிக்க மாட்டா. பட்டாணி, கமர்கட்டு எல்லாம் வலது பக்கந்தான். மாடு மாதிரி ஒரே பக்கமா இன்னாடி அச போடறேன்னு அவங்கப்பா கிண்டல் பண்ணுவாரு. டாக்டரு பூசனது தேஞ்சிடும்பா, அப்பால பேனா வராதுன்னுவா. கண்ணாடிய எடுத்துக்கினு வெயில்ல நின்னு வாயப் பாத்துக்குவா. பக்கத்து ஊட்டு கங்கம்மா பொண்ணுக்கு ஒரு பல்லுல உரிஞ்சிபோச்சாம், அதுல இவளுக்கு ஒரே பெரும.

பேனா கொண்டாந்துகீறீங்களா? காட்டுங்க. பச்ச கலரு. அதுக்குப் புடிச்ச கலரு சார்.

ஐப்பசில வலது பக்கம் கீழ்ப்பல்லு வலின்னு அழுதுச்சு. கிராம்பு வச்சேன். கன்னம் வீங்கிட்சு. உப்புத் தண்ணி கொப்புளிக்க வச்சேன். வீக்கம் தாடைக்கு அடில எறங்கிட்சு. கழுத்து கல்லாட்டம். எச்சி முழுங்க முடியல, நாக்கு மேல தூக்கிக்கிச்சு. அன்னிக்குன்னு புயல் மழ. ரோட்டு மேல ஏரித் தண்ணி, பஸ்ஸு இல்ல. அவரு தோள்ல போட்டுக்கினு இடுப்பளவு தண்ணில நடந்தாரு. நான் பின்னால கொட புடிச்சிக்கினு போறேன். அது மூச்சு இழுக்கற சத்தம் மழைய மீறிக் கேக்குது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். பாதி வழில அவரு நின்னுட்டாரு. திரும்பிட்டோம்.

எழுந்துக்காதீங்க சார். குந்துங்க. நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல.

வாய்க்கரிசி போடசொல்ல அதுக்கு வாய் மூடல. அப்போ பாத்தேன். இடது பக்கம் நீங்க பூசினது அப்படியே கீது. பளபளன்னு. ஒரு பல்லுலகூட போவல.

பேனாவ வச்சிட்டுப் போங்க.